மேட்டு நிலத்தில் பாதிப் புல்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நான் நலம், மாடுகள் நலம், சித்தப்பாவும் அவருடைய கோழிகளும் தேவைக்கு மேலேயே நலம். அப்பாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பக்கத்து அறையில் தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதனால் முதலில் பயப்படாதே. இரண்டாவது, கடைசி வரி வரை படித்துவிட்டு போன் பண்ணு, பாதியில் பண்ணாதே. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் நடுவில் நிறுத்திவிடுவேன், இருவருக்கும் ஒன்றும் புரியாது. எழுதி முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். உன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "பெரிய மனுஷிகிட்ட வாயத் திறக்காத" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தானே செய்கிறேன்.

இந்த வருடம் வெயில் போவதற்கு மனமே இல்லாமல் நின்றது. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மேட்டு நிலத்தில் பழைய புல் வேரோடு காய்ந்துவிட்டதால் முழுவதையும் உழுதுபோட்டுப் புதிதாக விதைப்பது என்று முடிவு செய்தோம். உனக்கு மறந்திருக்காது, வெயில் உடைந்து முதல் மழை விழுவதற்கும் குளிர் இறங்குவதற்கும் நடுவில் கிடைக்கும் சின்ன இடைவெளியில் விதை மண்ணில் விழுந்தாக வேண்டும். வேர் பிடிக்காத புல்லைக் குளிர் ஒரே வாரத்தில் முடித்துவிடும், பிறகு அடுத்த வெயில் வரை மாடுகளுக்கு வைக்கோலும் நம் முகமும்தான். விதை வீசும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று நான் சொல்லாத வருடம் இல்லை, "மெஷினுக்குக் கண்ணு இருக்கா?" என்று அப்பா கேட்காத வருடமும் இல்லை. புல் விதையையும் குதிரைமசால் தீவன விதையையும் வெள்ளை மணலோடு கலந்து வாளியில் நிரப்பிக்கொள்வார். விதை மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் எங்கே விழுந்தது என்று தெரியாது, மணல் வெள்ளையாகக் கிடந்து காட்டிக்கொடுக்கும். வலப்பக்கம் ஒரு பிடி, இடப்பக்கம் ஒரு பிடி என்று வீசிக்கொண்டே வேலி வரை போவார், இரண்டு வீச்சு தள்ளித் திரும்பி வருவார். எல்லாம் முடிந்ததும் உன் பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து மண்ணை மூடுவார். இந்த முறை அவர் விதைத்த அன்று நான் பக்கத்தில் இல்லை. செவலை மாட்டுக்கு வயிற்றில் கன்று குறுக்கே திரும்பியிருந்தது, காலையிலிருந்து மாட்டு வைத்தியரோடு கொட்டகையில் கிடந்தேன். சாயங்காலம் மழை பிடிப்பதற்கு முன்னால் அப்பா பாதி மூட்டை விதையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா, கை எப்படிப் பழகிடுச்சு, பாதி விதையிலயே மொத்த நிலத்தையும் முடிச்சிட்டேன்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே நிலம், ஒரே கை, பாதி விதை மிச்சமாகுமா? ஆனால் கன்று உயிரோடு விழுந்த சந்தோஷத்தில் நானும் இருந்தேன், கேட்கவில்லை.

மழை நன்றாகப் பெய்தது. முளை விட்ட அன்று காலையில் பால் கறந்துவிட்டுப் போய்ப் பார்த்தால், ஒரு பட்டை பச்சை, ஒரு பட்டை வெறும் மண், மறுபடி ஒரு பட்டை பச்சை, மறுபடி வெறும் மண். நிலம் முழுக்கத் துண்டில் கோடு போட்டதுபோல் இருந்தது. அப்பா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "விதை சரியில்ல, பழச கலந்து கட்டிட்டான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதையும் எளிதில் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு அல்லவா, அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நேரே விதைக்கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் அந்த மனிதரைக் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. "ஈரத்துணியில போட்டுப் பாருங்கம்மா, முளைக்கலைன்னா கடையப் பூட்டிட்டு உங்க வீட்டு மாட்ட மேய்க்க வந்துடறேன்" என்றார். மிச்சமிருந்த மூட்டையிலிருந்து ஒரு கை விதை எடுத்து ஈரத்துணியில் சுற்றி அடுப்படி அலமாரியில் வைத்தேன். ஏறக்குறைய எல்லாமே முளைத்தது. பயிர் மாதிரி நின்றது. சரி, விதை இல்லை என்றால் கோழி என்று வேலிப்பக்கம் போய்ச் சித்தப்பாவிடம் சண்டை பிடித்தேன். அவர் நிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி, நேரா கோடு போட்டு, ஒரு பட்ட விட்டு ஒரு பட்ட தின்னுட்டு வர்றதுக்கு என் கோழிய நான் எந்த காலேஜ்லயும் சேக்கலையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது. கோழி கோடு போடாது. மழைத்தண்ணீர் அரித்தால் சரிவில் இறங்கும், இந்தப் பட்டைகள் சரிவுக்குக் குறுக்கே போகின்றன. எறும்பும் அப்படித்தான், அதற்கு நேர்கோடு தெரியாது. நேராக நடப்பது அந்த நிலத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

வைக்கோல் பரணில் ஏறி அங்கிருந்து பார்த்தேன். பச்சைப் பட்டையும் வெறும் பட்டையும் ஒரே அகலம். அப்பா நடந்த தடம் எதுவென்று கண்ணால் ஓட்டிப் பார்த்தேன், தடம் எங்கேயும் பட்டையின் நடுவில் இல்லை, ஒவ்வொரு முறையும் பச்சை முடிந்து வெறுமை தொடங்கும் விளிம்பில் இருந்தது. போகும்போது அவருடைய வலப்பக்கம் பச்சை. திரும்பி வரும்போதும் அவருடைய வலப்பக்கம் பச்சை. இரண்டு வலப்பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு பச்சைப் பட்டை, இரண்டு இடப்பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு வெறும் பட்டை. அவர் இடப்பக்கம் ஒரு பிடி கூட வீசவில்லை, சுண்டு. மூட்டையில் பாதி மிஞ்சியது அதனால்தான். ஏணியில் இறங்கினேன். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் வாசல் தூணில் வண்டியை இடித்து இடப்பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து, தூண் நகர்ந்துவிட்டது என்று சாதித்தாரே, அது. சவரம் செய்த முகத்தில் இடக் கன்னம் மட்டும் சொரசொரவென்று விட்டுப்போனது. நீ வீடியோவில் உன் புது அறையைக் காட்டி, அந்தப் பெரிய ஜன்னல் எப்படி என்று கேட்டதற்கு, எந்த ஜன்னல் என்றாரே, அப்பாவுக்குக் கவனமே இல்லை என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் இருந்ததைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குக் காய் பண்ணலையா?" என்றார். காய் தட்டின் இடப்பக்கம் தொடாமல் அப்படியே இருந்தது. நான் தட்டைத் திருப்பி வைத்தேன். "இத எப்ப வச்ச?" என்று கேட்டுவிட்டு அதையும் ரசித்துச் சாப்பிட்டார்.

உடனே கிளம்புங்கள், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நான் நினைத்தது போலவே மறுத்தார். கண் நன்றாகத் தெரிகிறது, வேலியில் உட்கார்ந்திருக்கும் குருவியின் மூக்கு வரைக்கும் தெரிகிறது என்றார். எந்தக் குருவி என்றால் வலப்பக்கம் இருந்த குருவி. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, கை காலெல்லாம் கல் மாதிரி இருக்கிறது, கன்று பிறந்த வீட்டில் ஆஸ்பத்திரி பேச்சு எதற்கு என்றார். இதில் கொடுமை என்னவென்றால் அவர் பொய் சொல்லவில்லை. மறைத்தால் பிடித்துவிடுவேன், உனக்கே தெரியும். அவருக்குத் தெரியவே தெரியாததை எப்படிப் பிடிப்பது? அடுத்த நாள் விடிந்ததும் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார், அந்தக் கடைத்தெரு வழியாக, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இடப்பக்கம் நடக்கும் அந்தப் பாதையில். வண்டிச் சாவியை எடுத்து மிச்ச விதை மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுப் புதைத்துவிட்டேன். காலையில் வீடெல்லாம் தேடினார். நான் எடுத்தேன் என்றதும் அவருக்கு வந்த கோபத்தை எங்கள் கல்யாணம் முடிந்த இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. "நாலு எழுத்துப் படிச்சிட்டா புருஷனப் பைத்தியம்னு சொல்லலாமா? உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல, விதையில சந்தேகம், கோழியில சந்தேகம், இப்ப எம்மேலயே சந்தேகம்" என்றார். பால் கேன்களைச் சித்தப்பா எடுத்துப் போனார். போகிற போக்கில், "அண்ணே, அண்ணி சொன்னா ஒரு தடவ கேட்டுத் தொலைங்களேன்" என்றார். அதற்கு அவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அழுதோ கெஞ்சியோ ஆகப்போவதில்லை என்று தெரிந்தது. எனக்கு இரண்டும் சரியாக வராது. அதனால் பந்தயம் கட்டினேன். வெறும் பட்டைகளை எப்படியும் மறுபடி விதைத்தாக வேண்டும். ஒரே ஒரு நடை என் கண் முன்னால் விதையுங்கள், இரண்டு பக்கமும் வெள்ளை மணல் கிடந்தால் சாவியைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன், சித்தப்பா முன்னால், விதைக்கடைக்காரர் முன்னால், வேண்டுமானால் மாடுகள் முன்னாலும். கிடக்காவிட்டால் நான் சொல்லும் இடத்துக்குப் பேசாமல் வர வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டு முன்னாடி கேக்கறதுதான் எனக்கு வேணும்" என்று வாளியை எடுத்துக்கொண்டார். புதிதாகக் கிளறிய ஓரப் பட்டையில் கொட்டகைப் பக்கத்திலிருந்து தொடங்கினார். நான் அவருக்கு இடப்பக்கமாக, ஒரு சத்தமும் இல்லாமல் கூடவே நடந்தேன். அழகாக நடந்தார், சுண்டு. தோள் நிமிர்ந்து, கை விசிறி மாதிரி விரிந்து, ஒவ்வொரு பிடியும் ஒரே சீராக விழுந்தது, எல்லாம் வலப்பக்கம். வலப்பக்க மண்ணில் மணல் வெள்ளையாகப் படர்ந்துகொண்டே போனது, என் காலடியில் கறுப்பு மண் மட்டும் கிடந்தது. எங்கேயாவது ஒரு பிடி, ஒரே ஒரு பிடி இந்தப் பக்கம் வீசிவிட மாட்டாரா, நான் தோற்றுவிட மாட்டேனா என்று நடந்தேன். வேலிக்கு வந்ததும் நிமிர்ந்து, "பாரு, நல்லாப் பாரு, எங்க குறைஞ்சிருக்கு சொல்லு" என்றார். நீங்கள் திரும்பிப் பாருங்கள் என்றேன்.

திரும்பினார். இப்போது விதைக்காத பக்கம் அவருக்கு வலப்பக்கமாக வந்துவிட்டது. கொட்டகை வரைக்கும் கறுப்பாக, ஒரு மணல் துளி இல்லாமல் கிடந்தது. பிறகு, "இத யாரு விட்டது?" என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார், யாரோ வேலைக்காரன் செய்துவிட்டுப் போனதுபோல. கைவாளியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். "எங்க போயிட்ட?" என்றார். நான் எங்கேயும் போகவில்லை. அவர் சுற்றித் திரும்பும்போது நானும் கூடவே திரும்பி மறுபடி அவருடைய இடத்தோளை ஒட்டி நின்றிருந்தேன், கை நீட்டினால் தொடும் தூரம். இங்கேதான் இருக்கிறேன் என்று தோளைத் தொட்டேன், அவர் துள்ளி விழுந்தார். அந்த முகத்தை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. வாளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சட்ட மாத்திக்கிட்டு வரேன்" என்றார். அவ்வளவுதான்.

சித்தப்பாதான் வண்டி ஓட்டினார், கோழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதிலிருந்தே அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று தெரிந்துகொள். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், உன் வயதுக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். எப்போது முதலில் கவனித்தீர்கள் என்று கேட்டாள். புல் முளைத்தபோது என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு முழுக்கக் கேட்டாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது, சில வாரமே ஆகியிருக்கலாம், சத்தமில்லாமல் வந்துபோயிருக்கிறது. கண்ணில் கோளாறு இல்லையாம், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லையாம், அதனால்தான் அவருக்குக் குறையே தெரியவில்லையாம். இது பழக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றாள், தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுச் சுருங்கியிருக்கிறது, அதிலிருந்து இன்னொரு துண்டு கிளம்பினால் இப்படிச் சின்னதாக முடியாது. அதனால் அடுத்த வாரக் கடைசியில் கழுத்தைத் திறந்து சுத்தம் செய்கிறார்கள். அந்த ஆபரேஷனிலேயே ஆபத்து உண்டு, செய்யாமல் விட்டால் அதைவிடக் கூடுதல். நானும் தேடித் தேடிப் படித்தேன், வேறு ஒரு டாக்டரையும் கேட்டேன், எல்லோரும் செய்யத்தான் சொல்கிறார்கள். சந்தேகப்பட எனக்கு வழியில்லாமல் போனது இதில்தான். அதுவரைக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, வண்டி கூடாது, தனியாக எங்கேயும் போகக் கூடாது.

மிச்சப் பட்டைகளை நேற்று விதைத்தோம். குளிர் வாசலுக்கு வந்துவிட்டது, காலையில் வாளித் தண்ணீர் விரலைக் கடிக்கிறது, இதற்கு மேல் தள்ள முடியாது. நான் ஆள் கூப்பிடலாம் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு வாளி எடுத்துக்கொண்டோம், வலப்பக்கம் அவர், இடப்பக்கம் நான். எனக்கு வீசத் தெரியவில்லை, கொத்துக் கொத்தாக விழுகிறது. "ஏய், புல்லுக்கு விதைக்கறியா, கோழிக்குத் தீனி போடறியா?" என்றார். இடப்பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "சத்தம் கேக்குதே, சொத்து சொத்துன்னு" என்றார். இருவரும் சிரித்தோம். கட்டில் சட்டத்தைச் சித்தப்பா இழுத்தார். இனி முளைத்தாலும் பின்னால் வந்த பட்டை குட்டையாகத்தான் நிற்கும், முதல் அறுப்பு வரை அந்தக் கோடு தெரியும். தெரியட்டும். இந்தக் குளிரில் அது முளைக்குமா என்பதை நான் இப்போது சொல்லமாட்டேன். அப்பா முளைக்கும் என்கிறார். ஆனால் கொட்டகைக்கு வந்து கை கழுவும்போது என் பக்கம் திரும்பாமலேயே, "நான் இல்லைன்னா மாட்ட வித்துடு, நீ தனியா கஷ்டப்படாத" என்றார். கையைத் துடையுங்கள் என்றேன்.

உனக்குச் சொல்ல வேண்டியவை. அவரோடு பேசும்போது உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள், ஒளிக்காதே, நான் சொன்னேன் என்றே சொல், திட்டு எனக்குத்தான் விழும். அழாதே. போனில் உன் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்தால் அப்பா என்று கூப்பிடு, குரல் வந்த பக்கம் திரும்புவார். நீயும் தலைவலி, மரத்துப்போவது எதையாவது வேலை வேலை என்று தள்ளிப்போடாதே, உன் ஊரில் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். குளிருக்கு நல்ல காலணி வாங்கு, போன வருடத்தையே ஓட்டாதே. நீ வெளியூர் போனதிலிருந்து ஒரு முறை கூட உன்னை வா என்று நான் கூப்பிட்டதில்லை. உன் வேலை உனக்கு முக்கியம், தேவை இருந்தால் நீயே வருவாய் என்று இருந்துவிட்டேன். இப்போது கூப்பிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேர். என்னால் அவருடைய இடப்பக்கத்தை விட்டு நகர முடியாது, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும்.

நல்லபடியாகக் கிளம்பி நல்லபடியாக வந்து சேர். எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, வரவும் கூடாது, அதுதான் என் ஆசி. மறக்காமல் ஒன்று: வீட்டுக்குள் நுழையும்போது ஜன்னல் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், நீ வழக்கம்போல் அடுப்படி வழியாக ஓடி வந்து அவர் இடத்தோளைக் கட்டிக்கொள்ளாதே, பயந்துவிடுவார். சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வா. உன்னை அவர் முழுசாகப் பார்க்க வேண்டும், வலப்பக்கமாக வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா